அரவிந்தரும் பிரெஞ்சுப் பாஷையும்

கலாசாலையிற் புதிதாகச் சேர்ந்து, பிரெஞ்சைப் பாடமாக எடுத்துக்கொண்ட வித்தியார்த்தியின் முதல் வாரம் எத்தகையதென்பதை நம்முட் பலர் அறிவர். மேசை பெண்பாலாம், புத்தகம் ஆண்பாலாம். எழுதியிருக்கும் எழுத்துக்களிற் பலவற்றை வாயாற் சொல்லலாகாதாம். உயிருள்ளது, அறிவுள்ளது என்று பார்த்துத் திணை வகுத்த பாஷையிற் பிறந்த நமக்கு, நாற்காலிக்கும் சன்னலுக்கும் பால் வகுப்பது வேடிக்கையாகத் தோன்றும். பரீட்சை நெருங்க நெருங்க அவ்வேடிக்கை துன்பமாக மாறும். அப்போது, இப்பாஷையால் நமக்கு ஆவதென்ன என்ற வினா எழாமலிராது. இவ்வினாவை நானும் ஒரு காலத்திற் கேட்டவனே. அக்காலத்தில் எனக்கு யாரேனும் பின்வரும் சரித்திரத்தைச் சொல்லியிருப்பாராயின், வினைத்திரிபு வாய்பாடுகளை அவ்வளவு வெறுப்புடன் மனனம் செய்திருக்க மாட்டேன்.

அரவிந்தர் என்றால் புதுவையும், புதுவை என்றால் அரவிந்தரும் நினைவுக்கு வருவது வழக்கம். அவர் யோகியாகவும், தேசபக்தராகவும், கவியாகவும் பலராலும் அறியப்பட்டவர். அவர் ஒரு காலத்திற் கலாசாலையிற் பிரெஞ்சு உபாத்தியாயராக இருந்து சம்பளம் பெற்றவர் என்பதைச் சிலரே அறிவர். நான் இங்கே சொல்லப் புகுவது அவரது சரித்திரத்தில் அந்த ஓர் இழையைப் பற்றியே.

அவர் 1872-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆந் தேதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணதன கோஷ் என்பவர் சீமையில் வைத்தியம் பயின்று வந்த டாக்டர். தம் மக்கள் முற்றிலும் ஆங்கிலேயராகவே வளரவேண்டுமென்பது அவருடைய பேராவல். அதனால் வீட்டில் வங்காளி பேச்சுக்கு இடமில்லை. ஆங்கிலமும், வேலைக்காரரோடு பேசச் சிறிது ஹிந்துஸ்தானியுமே வழங்கின. ஐந்து வயதிலே அரவிந்தர் தார்ஜிலிங்கிலுள்ள கன்னிமார் பள்ளியில் விடப்பட்டார். ஏழு வயதில், அதாவது 1879-இல், தமையன்மார் இருவரோடும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, மான்செஸ்டர் நகரத்தில் திரூவெட் என்ற போதகரின் குடும்பத்தில் ஒப்படைக்கப்பட்டார். இந்தியரோடு அவர்களைப் பழக விடலாகாது என்பது தந்தையார் இட்ட கட்டளை.

தமையன்மார் பள்ளிக்கூடம் சென்றனர். இளையவர் மட்டும் வீட்டிலேயே கற்றார். போதகர் லத்தீன் கற்பித்தார். அவருடைய மனைவியார் கணக்கும், சரித்திரமும், பூகோளமும், பிரெஞ்சும் கற்பித்தார். ஆகவே அரவிந்தருக்குப் பிரெஞ்சு வந்தது எந்தப் பெரிய பண்டிதரிடமிருந்தும் அன்று. குளிர் மிகுந்த ஓர் ஆலை நகரத்தில், தம் வீட்டில் வளர்ந்த அந்நியப் பிள்ளைக்கு ஒரு குடும்பத் தலைவி சொல்லிக்கொடுத்த பாடத்திலிருந்தே வந்தது. தாய்ப் பாஷையை அறியாத அப்பிள்ளை, கடல் கடந்த இரண்டு பாஷைகளைத் தன்னுடையனவாகக் கொண்டு வளர்ந்தது.

1884-இல் லண்டனிலுள்ள செயின்ட் பால் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே தலைமையாசிரியர் அவருடைய லத்தீன் பயிற்சியைக் கண்டு வியந்து, தாமே கிரேக்கம் கற்பித்து, மேல் வகுப்புக்களுக்கு விரைந்து ஏற்றினார். பள்ளிப் பாடத்தில் அதிகம் உழைக்க வேண்டாதிருந்தமையால், மிஞ்சிய பொழுதையெல்லாம் ஆங்கிலக் கவிகளிலும் பிரெஞ்சு இலக்கியத்திலும் செலவிட்டார்; இத்தாலியமும் ஜெர்மனும் தாமாகவே சிறிது கற்றார். இவ்வளவும் வயிறு நிறைந்திருந்த காலத்தில் நடந்ததென்று எண்ணவேண்டாம். தந்தையாரிடமிருந்து பணம் வருவது குறைந்து, பின் ஏறக்குறைய நின்றேபோயிற்று. காலையில் ரொட்டியும் வெண்ணெயும் ஒரு கோப்பைத் தேநீரும், மாலையில் ஒரு பென்னி விலையுள்ள இறைச்சித் துண்டும் என்ற அளவில் ஒரு வருஷம் கழிந்ததுண்டு. குளிர்காலத்துக்கு மேலங்கியும் இல்லை. அறையிற் கணப்பும் இல்லை.

1890-இல் வருஷத்துக்கு எண்பது பவுன் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கலாசாலையிற் சேர்ந்தார். அவ்வருஷமே இந்தியன் சிவில் சர்விஸ் பரீட்சையிலும் தேறினார். அந்த உத்தியோகத்துக்குப் பயிலுவோர் இந்திய பாஷையொன்று கற்கவேண்டுமென்பது விதி. அரவிந்தருக்கு வாய்த்தது வங்காளி. ஆகவே வங்காளத்திற் பிறந்தவர், தம் தாய்ப் பாஷையின் அரிச்சுவடியை இங்கிலாந்தின் சர்வகலாசாலையொன்றில், அந்நிய பாஷையைத் தொடங்கும் மாணாக்கனைப் போலவே தொடங்கினார். பதினெட்டு வயதுக்கு மேல் ஒருவர் அ, ஆ எழுதித் தம் வீட்டுப் பேச்சைக் கற்பதென்றால், அந்த வகுப்பில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! பிரெஞ்சு அவருக்கு எளிதாயிருந்தது, வங்காளியே கடினமாயிருந்தது.

1892-இற் கேம்பிரிட்ஜின் பிராசீன இலக்கியப் பரீட்சையின் முதற்பகுதியில் முதல் வகுப்பிற் தேறினார். சிவில் சர்விஸிலோ, குதிரையேற்றப் பரீட்சைக்கு உரிய வேளையிற் செல்லாமையால் தள்ளப்பட்டார். அந்த உத்தியோகத்தில் அவருக்கே மனமில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அப்போது இங்கிலாந்துக்கு வந்திருந்த பரோடா மகாராஜா சயாஜி ராவ் கெய்க்வார் அவரைத் தம் சமஸ்தானத்தில் அமர்த்திக்கொண்டார். 1893 பிப்ரவரியில் அரவிந்தர் பம்பாயில் வந்திறங்கினார். மகன் வரும் கப்பல் மூழ்கிற்றென்ற பொய்ச் செய்தியைக் கேட்ட அதிர்ச்சியால் தந்தையார் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

பரோடாவில் முதலிற் கிடைத்த வேலைகள் நில அளவை இலாகாவிலும், முத்திரை இலாகாவிலும், காரியாலயத்திலுமாம். இவை அவருடைய படிப்புக்கு எவ்வளவு பொருத்தமென்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். 1897-இற்றான் பரோடாக் கலாசாலையிற் பிரெஞ்சு கற்பிக்கும் வேலை, முழு நேர வேலையாயன்றிச் சில மணி நேர வேலையாக, அவருக்குக் கிடைத்தது. பின்னர் ஆங்கிலப் பேராசிரியராகி, உதவித் தலைவராகவும் உயர்ந்தார். ஆனால் கலாசாலையின் வாயில் அவருக்குத் திறந்தது பிரெஞ்சினால் என்பதை நான் மறக்க விரும்பவில்லை. மான்செஸ்டரில் அந்த அம்மையார் போட்ட வித்து, பதினெட்டு வருஷத்துக்குப்பின் குஜராத்தில் முளைத்து முதற்பயன் தந்தது.

அதே பரோடாவில், ஆசிரியராயிருந்துகொண்டே அவர் மாணாக்கராகவும் இருந்தார். தீனேந்திர குமார ராய் என்ற வங்க எழுத்தாளரை 1898-இல் தம்மோடு தங்கச் செய்து, வங்காளிப் பேச்சுப் பழகினார். சம்ஸ்கிருதத்தைத் தாமே கற்று, மராட்டியும் குஜராத்தியும் அறிந்துகொண்டார். பகலிற் பிறருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும்; இரவில் தமக்குத் தாய்ப் பாஷை.

1901-இல் மிருணாளினி தேவியாரை மணந்தார். 1906-இற் பரோடாவை விட்டுக் கல்கத்தா சென்று, தேசியக் கலாசாலையின் தலைவராகவும், வந்தே மாதரம் பத்திரிகையின் ஆசிரியராகவும் ஆனார். அக்காலத்துச் செய்திகள் நூல்களில் விரிவாக உள்ளன. 1908 மே மாதத்தில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கிற் கைதியானார். ஒரு வருஷம் சிறையிலிருந்து, 1909 மே மாதத்தில் விடுதலை பெற்றார். மறுபடியும் பிடிபடுவார் என்ற நிலை தோன்றியபோது, 1910 பிப்ரவரியிற் கங்கைக் கரையில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த சந்திரநாகூருக்குப் படகேறினார். அங்கிருந்து ஏப்ரல் 4-ஆந் தேதி புதுச்சேரி வந்து சேர்ந்தார். அவர் மாற்றுப் பெயரோடு ஏறிவந்த கப்பலின் பெயர் துய்ப்ளே. ஆங்கிலேயரோடு தென்னாட்டில் மல்லுக்கட்டிய பழைய புதுவைக் கவர்னரின் பெயர் தாங்கிய கப்பல், ஆங்கிலேயருக்கு வேண்டாதவரொருவரைச் சுமந்து வந்ததை நினைத்தால் நகைப்பு வருகிறது.

அந்நாளைய புதுவையை இன்றைய மாணவர் சிறிது கற்பனை செய்துகொள்ளவேண்டும். கடற்கரையோரம் வெள்ளையர் வசித்த பட்டணம். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பட்டணம். நீதிமன்றத்திலும் நிருவாகத்திலும் பிரெஞ்சு. ஊர்க்குடிகள் பாரிஸ் சட்டசபைக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தனுப்புவர். ஊரைச் சுற்றி நாற்புறமும் ஆங்கிலேயர் ஆட்சி; எல்லையைத் தாண்டினாற் கைது. சுப்பிரமணிய பாரதியார் 1908-இலேயே வந்துவிட்டார், வ. வே. சு. ஐயர் 1910-இல் வந்து சேர்ந்தார். இவர்களைக் கண்காணிக்கச் சென்னை அரசாங்கத்தார் அனுப்பிய ஒற்றர் தெருவுக்குத் தெரு நின்றனர். இவர்களுக்கு அரண் எதுவென்றால், பிரெஞ்சுச் சட்டமே.

அரவிந்தர் முதலிற் கலவை சங்கரச் செட்டியாரது இல்லத்தின் மாடியில் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியே வராமல் இருந்தார். பின்னர், அயலார் புதுவையில் தங்குவதற்கு ஊரில் மதிப்புள்ள ஐந்து குடிகளின் நற்சாட்சி வேண்டுமென்று சட்டம் வந்தபோது, ஐவரது கையொப்பத்தைத் தேடிப் பெற்றுத் தந்தவரும் அச்செட்டியாரே. அக்கையெழுத்துக்களை இட்டவர்கள் தங்களுக்கு வரக்கூடிய தொல்லையை அறியாதவர்களல்லர்.

அரவிந்தரைத் தொடர்ந்து வங்காளத்து இளைஞர் சிலரும் வந்தனர். அவர்களுள் ஒருவர் நளினி காந்த குப்தர். 1889-இற் பிறந்த இவர் கல்கத்தா பிரஸிடென்ஸிக் கலாசாலையிற் பட்டம் பெறுமுன்பே படிப்பைத் துறந்து, அலிப்பூர் வழக்கிற் சிக்கி, ஒரு வருஷம் சிறையிலிருந்தவர். 1910 நவம்பரிற் புதுவைக்கு வந்தபோது வயது இருபத்தொன்று. கலாசாலை போயிற்று, திரும்பிப் போக வழியில்லை. அவர் வந்து சேர்ந்த வீட்டிலோ படுக்கப் பாய். எல்லார்க்கும் பொதுவாக ஒரே துண்டு. ஆயினும் மாதந்தோறும் பத்து ரூபாய் புத்தகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. சோற்றுக்கே கணக்குப் பார்க்கவேண்டிய வீட்டில் பத்து ரூபாய்ப் புத்தகம்! இதைக் கேட்டு முகஞ்சுளிப்போர் உளர். அவர்கள் நல்ல கணக்கர்கள்.

அந்த வீட்டிலேதான் நளினியாருக்குப் பிரெஞ்சுப் பாடம் தொடங்கிற்று. அரவிந்தர் இலக்கணப் புத்தகத்தை எடுக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த மோலியேர் என்ற நாடகாசிரியரின் நகைச்சுவை நாடகத்தையே முதற் பாடமாக வைத்தார். கிரேக்கம் தொடங்கியபோது யூரிப்பிடீஸின் மெடியா. அடுத்து சோபோக்ளீஸின் அந்திகோனே. லத்தீனுக்கு வெர்ஜிலின் காவியம், இத்தாலியத்துக்குத் தாந்தே. அரிச்சுவடியிலிருந்து படிப்படியாக ஏறுபவன் பாஷையின் மேற்பரப்பிலேயே நெடுங்காலம் நிற்பான் என்றும், மகாகவியின் நூலிலே நேராக மூழ்குபவன் அதன் உள்ளத்தையே தொடுவான் என்றும், பிற்காலத்தில் நளினியார் தம் அநுபவத்தைக் கூறியிருக்கிறார்.

இம்முறை எனக்கு முற்றும் உடன்பாடென்று சொல்லமாட்டேன். ஒரு மாணவனும் ஓர் ஆசானும், ஆசான் அரவிந்தராகவும் இருந்தால் இது செல்லும். ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில், மணி அடிக்க நாற்பது நிமிஷமே இருக்க, வினைச்சொல்லின் விகாரங்களை அறியாதார் கையில் மோலியேரைக் கொடுத்தால், நாடகமும் கெடும், மாணவனும் கெடுவான். ஆயினும் ஒன்று: நாம் வாய்பாட்டைக் கற்பித்துவிட்டு, அதற்கப்பால் இருக்கும் இலக்கியத்தைக் காட்டாமலே பரீட்சையை முடித்துவிடுகிறோம். நளினியார் முதல் நாளிலேயே ஒரு தேசத்தார் எதற்குச் சிரித்தார்கள் என்பதைக் கண்டுகொண்டார். நானோ இரண்டு வருஷம் படித்தும் அம்மொழியிற் சிரித்தறியேன்.

இக்காலத்தில் இந்த ஆசிரியரே வேறோர் அரிச்சுவடியைக் கையிலெடுத்தார். அது தமிழ். கற்பித்தவர் பாரதியார். பாரதியார் பெரும்பாலும் மாலையில் அரவிந்தரிடம் வருவார். இருவரும் ரிக்வேதத்தை ஆராய்வர். பேச்சு இலக்கியம், அரசியல் என்று எங்கும் செல்லும். அந்த நட்பினிடையே தமிழும் கற்பிக்கப்பட்டது. ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகரர் ஆகியோரின் பாசுரங்கள் சிலவற்றை அரவிந்தர் ஆங்கிலத்தில் ஆக்கினார். திருக்குறளின் தொடக்கத்தையும் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தபோது, வடமொழிக்கும் அதற்கும் தாம் முன்பு எண்ணியதினும் நெருங்கிய உறவு உண்டென்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அவ்வெண்ணத்தைச் சொல்லாராய்ச்சியாளர் ஏற்பார்களா என்பது வேறு விஷயம். வேதத்தைப்பற்றி அவர் எழுதிய நூலின் பிறப்பில் புதுவைத் தமிழ்ப் பாடத்துக்கும் பங்குண்டு.

இனி, 1912-இல் நடந்ததைச் சொல்லவேண்டும். தேசபக்தர்களைப் பிரெஞ்சுச் சட்டத்தின் கையாலேயே பிடிக்க ஒரு சூழ்ச்சி நடந்தது. வ. வே. சு. ஐயர் வீட்டுக் கிணற்றில், இராஜத் துரோகமான பிரசுரங்களை வைத்த பாத்திரமொன்று இரவில் போடப்பட்டது. அது வேலைக்காரி நீர் எடுக்கும்போது வெளிப்பட்டது. மறைப்பதா, எறிவதா என்று திகைத்தவர்கள், அரவிந்தரின் யோசனைப்படி தாங்களே பிரெஞ்சுப் போலீசாருக்கு அறிவித்தனர். ஆயினும் இவர்கள்மேல் முன்னமே குற்றச்சாட்டு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தமையால், வீடுகள் சோதிக்கப்பட்டன. விசாரணை நீதிபதி போலீசாருடன் அரவிந்தர் வீட்டுக்கும் வந்தார்.

வீட்டில் நாற்காலி மேசைகளே அரிது. எங்கும் புத்தகங்களும் கையெழுத்துத் தாள்களுமே. நீதிபதி மேசை அறையைத் திறந்து பார்த்தார். வெடிமருந்துச் சூத்திரங்களைத் தேடிவந்தவர் கண்ணிற் பட்டவை லத்தீன் நூல்களும் கிரேக்க நூல்களும். பிரான்சு தேசத்து நன்மக்கள் இளமையிற் கண்ணீர் விட்டுக் கற்கும் அவ்விரு பாஷைகளையும் இந்தப் பாய்விரித்த வீட்டில் ஒருவர் பொழுதுபோக்காகப் படிக்கிறாரென்று கண்டதும், அவருக்கு வந்த காரியம் மறந்துபோயிற்று. இவருக்கு லத்தீன் தெரியும், கிரேக்கமும் தெரியும் என்ற வியப்பொன்றே மிஞ்சியது. சோதனையை முடித்துக்கொண்டு, மரியாதையோடு விடைபெற்று, தம்மை வந்து காணும்படி அரவிந்தரை அழைத்துவிட்டும் சென்றார். அரவிந்தரும் பின்னர்ப் போய்க் கண்டார். குற்றஞ்சாட்டியவரோ, பொய்க் குற்றச்சாட்டுக்குத் தண்டனை வருமென்றஞ்சி, ஊரைவிட்டு ஓடிப்போனார்.

இதை வெறும் அதிர்ஷ்டமென்று சொல்லலாம். புத்தகத்தைக் கண்டு மயங்காத நீதிபதி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்கலாம். ஆனால் அன்று காலையில் அவ்வீட்டில் இருந்தவர்களுக்கு, அந்தப் பழைய பாஷைகள் ஐந்து கனவான்களின் கையொப்பத்தைவிடப் பெரிய நற்சாட்சியாய் நின்றன.

1914 மார்ச்சு 29-ஆந் தேதி, பாரிஸிலிருந்து பால் ரிஷார் என்பவரும் அவர் மனைவியார் மிரா அம்மையாரும் அரவிந்தரை வந்து கண்டனர். ரிஷார் புதுவைத் தேர்தல் காரியமாக முன்பே ஒருமுறை வந்து பழகியவர். மூவரும் சேர்ந்து ஒரு தத்துவப் பத்திரிகை தொடங்கினர். அரவிந்தருடைய பிறந்த நாளாகிய ஆகஸ்டு 15-இல் முதல் இதழ் வெளிவந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ஆரியா. பிரெஞ்சிலும் ஒரு பதிப்பு உடன் வந்தது. அரவிந்தருடைய கட்டுரைகள் அதிற் பிரெஞ்சாயின. அதே மாதத்தில் ஐரோப்பாவிற் போர் மூண்டது. ரிஷார் பிரெஞ்சுச் சேனைக்கு அழைக்கப்பட்டு, 1915 பிப்ரவரியில் தம்பதிகள் புறப்பட்டனர். பிரெஞ்சுப் பதிப்பு ஏழு இதழ்களோடு நின்றது. ஆங்கில ஆரியாவை, பெரும்பாலும் தம் ஒருவர் எழுத்தாலேயே, 1921 ஜனவரி வரை அரவிந்தர் நடத்தினார். மிருணாளினி தேவியார் புதுவையைக் காணாமலே 1918-இற் காலமானார்.

மிரா அம்மையார் 1920 ஏப்ரலிற் புதுவைக்குத் திரும்பி, அன்னை என்ற பெயரோடு இறுதிவரை அங்கேயே இருந்தார். 1926 நவம்பருக்குப்பின் அரவிந்தர் தம் அறையைவிட்டு வெளிவருவதில்லை. வருஷத்திற் சில நாட்களே பிறருக்குத் தரிசனம். ஆசிரமத்தின் காரியதரிசியாக இருந்தவர், மோலியேரிலே பிரெஞ்சு தொடங்கிய அதே நளினி காந்த குப்தர். அவர் 1984 வரை வாழ்ந்தார். 1943 டிசம்பர் 2-ஆந் தேதி, ஆசிரமத்திற் குழந்தைகளுக்கென்று பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அதிற் பிரெஞ்சும் ஆங்கிலமும் பயிற்சிப் பாஷைகளாயின. கணிதமும் விஞ்ஞானமும் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

1950 டிசம்பர் 5-ஆந் தேதி அரவிந்தர் மறைந்தார். 1954 நவம்பர் 1-ஆந் தேதி புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி மாறுதல் நிறைவேறியது 1962-இல். கொடி இறங்கிய பின்னும் பிரெஞ்சு ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அந்த 1950-ஆம் ஆண்டுகளில், மாலை வேளையில், ஆசிரமத்து விளையாட்டு மைதானத்தில் அன்னையார் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வகுப்பு நடத்திவந்தார். அரவிந்தர் ஆங்கிலத்தில் எழுதிய நூலொன்றைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சிறிது வாசிப்பார். பின் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். வங்காளிப் பிள்ளைகளும், குஜராத்திப் பிள்ளைகளும், தமிழ்ப் பிள்ளைகளும் தரையில் அமர்ந்து, தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சிலேயே கேட்பார்கள்.